தொழில் பாடம்: பெரிய ரப்பர் அச்சில் திட்டு இல்லாமல் மை ஏற்றுவது எப்படி?



இந்த மாதத் தொழில் பாடம் காகிதப் பை, வாழ்த்து அட்டை, கவர், ஃபைல் செய்கிற குழுக்களுக்கானது. மற்ற குழுக்களும் படிக்கலாம். ஏனென்றால் இதில் மை பற்றிய பாடம் பாதி, குழு பற்றிய பாடம் பாதி.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது நமக்குத் தெரியும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. தடை வந்ததும் பல ஊர்களில் நம் குழுக்கள் காகிதப் பை தொழிலில் இறங்கின. எங்கள் குழுவும் இறங்கியது. வெறும் பழுப்புக் காகிதப் பைக்கு விலை குறைவு. அதே பையின் முகம் முழுவதும் மாங்காய்க் கொத்தோ, புள்ளிக் கோலமோ, வெற்றிலைக் கொடியோ அச்சிட்டுக் கொடுத்தால் தாம்பூலப் பையாக நல்ல விலைக்குப் போகும். அதற்காக 20 செ.மீ நீளம், 15 செ.மீ அகலத்தில் ஒரு பெரிய ரப்பர் அச்சு செய்து வாங்கினோம்.

அந்த அச்சுதான் எங்களை அழ வைத்தது.

நடந்த கதை

2019 ஆவணி மாதம். ஒரு கல்யாண வீட்டில் 400 தாம்பூலப் பைக்கு ஆர்டர். பை ஒன்றுக்கு 8 ரூபாய் பேச்சு, மொத்தம் 3,200 ரூபாய். காகிதம், கயிறு, மை, அச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குழுவில் 1,500 ரூபாய் உள்கடன் எடுத்தோம். நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்தோம். அச்சுக் குத்தும் வேலை எங்களில் இளைய சகோதரி ஒருவருக்கு. ஒல்லியான உடம்பு, ஆனால் சுறுசுறுப்பு.

பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த வீட்டு அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நடுவில் மாங்காய் கறுப்பாக அப்பிக் கிடந்தது. ஓரத்தில் பாதி உருவமே இல்லை. சிலவற்றில் ஒரு மாங்காய் இரண்டாகத் தெரிந்தது. "கல்யாணத்துக்கு வர்றவங்க கையில இதையா கொடுக்கச் சொல்றீங்க?" என்று 150 பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

கையில் வந்தது 2,000 ரூபாய். கடன் 1,500 போக மிச்சம் 500. நான்கு பேருக்கு ஆளுக்கு 125 ரூபாய். ஆர்டர் முழுதாகப் போயிருந்தால் ஆளுக்கு 425 ரூபாய் கிடைத்திருக்கும்.

அந்த வாரக் கூட்டத்தில் எல்லாருக்கும் கோபம். "அழுத்திக் குத்துன்னு எத்தனை தடவை சொன்னேன்? உனக்குக் கையில பலமே இல்லை" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, ஊக்குநராகிய நான்தான். சொன்னதோடு நிற்கவில்லை. 'கை பலம் இல்லாத உறுப்பினரை அச்சு வேலையில் விடக்கூடாது' என்று தீர்மானப் புத்தகத்திலும் எழுதினேன். அந்தச் சகோதரி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது கூட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். அதில் அதே மாங்காய்க் கொத்து, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே நிறத்தில் பளிச்சென்று இருந்தது. "இந்தா பாருங்கக்கா, இதுவும் இதே கையில போட்டதுதான்" என்றார்.

எப்படி என்று கேட்டோம். அவருடைய பிள்ளை ஐந்து ரூபாய்க் காசின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து விளையாடிக் கொண்டிருந்ததாம். காசு கீழே, காகிதம் மேலே. அழுத்தமே இல்லாமல் காசில் உள்ள எழுத்தெல்லாம் காகிதத்தில் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் பீரோ மேல் கிடந்த அச்சைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறார்.

இந்தப் பாடம் முழுவதும் அவர் காட்டியதும், அதன்பின் நாங்கள் நான்கு பேரும் செய்து செய்து கற்றுக் கொண்டதும்தான்.

முதலில் ஒரு கணக்கு

வங்கிப் படிவத்தில் நாம் குத்துகிற குழு சீலை எடுத்துக் கொள்ளுங்கள். 5 செ.மீ நீளம், 2 செ.மீ அகலம் என்றால் பரப்பு 10 சதுர செ.மீ. அதன் மேல் ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 100 கிராம் அழுத்தம் கிடைக்கும். சீல் நன்றாக விழும்.

இப்போது பெரிய அச்சு. 20 செ.மீ, 15 செ.மீ. பரப்பு 300 சதுர செ.மீ. குழு சீலைப் போல 30 மடங்கு. அதே 100 கிராம் அழுத்தம் எல்லா இடத்துக்கும் கிடைக்க வேண்டுமானால் 30 கிலோ எடைக்கு அழுத்த வேண்டும். 25 கிலோ அரிசி மூட்டையை விட அதிகம்! அதையும் ஒரு பக்கம் சாயாமல் நான்கு மூலைக்கும் சமமாக அழுத்த வேண்டும். 400 பைக்கு 400 தடவை. யாருடைய கையில் அந்தப் பலம் இருக்கிறது? எனக்கும் இல்லை.

கை அழுத்துவது அச்சின் நடுவில். அதனால் நடு கறுக்கும், ஓரம் வெளுக்கும். ஓரம் வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் மை தொடுவோம். நடு இன்னும் அப்பும். அப்படியும் வரவில்லை என்று அச்சை இப்படியும் அப்படியும் ஆட்டி அழுத்துவோம். உருவம் இரட்டையாகும். மூன்று தப்புக்கும் வேர் ஒன்றுதான். சின்ன சீலைக் குத்துகிற முறையிலேயே பெரிய அச்சையும் குத்தினோம்.

இதற்கு விடை: அச்சைக் காகிதத்தின் மேல் குத்தாதீர்கள். அச்சை மல்லாக்க வையுங்கள். மையை அதன் மேல் ஏற்றுங்கள். காகிதத்தை அதன் மேல் படுக்க வைத்து, முதுகில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி ஒரு நேரத்தில் தொடுவது ஏறக்குறைய 10 சதுர செ.மீ தான். அந்த இடத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் போதும். அது பத்து வயசுப் பிள்ளைக்கும் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

1. ரப்பர் அச்சு. நாம் வரைந்த படத்தை ரப்பர் ஸ்டாம்பு கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். கைப்பிடி தேவையில்லை. சமமான பிளைவுட் பலகையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.
2. சமமான மேசை அல்லது தரை. பலகையை வைத்து நான்கு மூலையிலும் விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த இடம் ஆகாது.
3. மை. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.
4. ஸ்டாம்பு பேடு அல்லது ரப்பர் ரோலர்.
5. ரோலர் வேலைக்கு ஒரு கண்ணாடித் துண்டு. ஓரத்தில் டேப் ஒட்டிக் கொள்ளுங்கள், கையைக் கிழிக்காது.
6. பழைய செய்தித்தாள், கழிவுக் காகிதம், மெல்லிய வெள்ளைத் தாள், ஈரத்துணி, உலர்ந்த துணி.
7. குழிக்கரண்டி ஒன்று. சமையலுக்கு மறுபடி எடுக்காமல் இந்த வேலைக்கென்றே வைத்துக் கொள்ளுங்கள்.

எந்த மை?

கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும் ஸ்டாம்பு பேடு மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம். வாழ்த்து அட்டைக்கு அது சரி. பைக்குச் சரிப்படாது. பையை மடித்து மைதாப் பசை தடவும்போது ஈரம் பட்டு மை கசியும். எங்கள் முதல் ஆர்டரில் அதுவும் நடந்தது.

பைக்கு நிறமி மை நல்லது. துணியில் கட்டை அச்சுப் போடுபவர்கள் பயன்படுத்தும் நிறமிப் பசையையும் பைண்டரையும் சாயக் கடையில் கேட்டால் தருவார்கள். இது காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் எளிதில் கசியாது. பழுப்புக் காகிதத்தில் வெள்ளை நிறம் வேண்டுமானாலும் நிறமி மைதான் தெரியும். சாய மை காகிதத்தின் நிறத்தோடு கலந்து மறைந்து போகும்.

மையின் பதம் முக்கியம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் சட்டென்று ஊற்றிவிடக் கூடாது. மெதுவாக வழுக்கி விழ வேண்டும். வெயில் காலத்தில் அச்சின் மேலேயே மை காய்ந்து போனால் சில துளி கிளிசரின் கலக்கலாம். அதிகம் கலந்தால் காகிதத்தில் காயாது. அச்சு வேலை நடக்கும்போது மின்விசிறியை நிறுத்தி வையுங்கள்.

எண்ணெய் கலந்த மை வேண்டாம். அதைத் துடைக்க மண்ணெண்ணெய் தேவைப்படும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாம் ரப்பரை ஊதவைத்து உருவத்தைக் கெடுத்துவிடும்.

புது அச்சைப் பழக்குதல்

புது அச்சின் மேல் வழவழப்பும் கரித்தூளும் இருக்கும். அதன் மேல் மை ஒட்டாது. வாழை இலையில் தண்ணீர் நிற்பது போல மணி மணியாக நிற்கும். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு மெதுவாகக் கழுவித் துடையுங்கள். பிறகு பென்சில் அழிக்கும் ரப்பரால் அச்சின் மேட்டுப் பகுதியை லேசாகத் தேய்த்து விடுங்கள். பளபளப்பு போய் மங்கலாகத் தெரிந்தால் போதும்.

புதுத் தோசைக்கல்லைப் பழக்காமல் முதல் தோசை வருமா? அச்சும் அப்படித்தான். முதல் மூன்று தாள் கழிவுக் காகிதத்தில் போட்டு எடுங்கள். நான்காவதில் இருந்துதான் உருவம் நிறைந்து வரும். தினமும் வேலை தொடங்கும்போதும் இதைச் செய்ய வேண்டும்.

மை ஏற்றும் முறை ஒன்று: பேடால் தட்டுதல்

கடைப் பேடு சுமார் 11 செ.மீ, 7 செ.மீ இருக்கும். பெரிய அச்சில் கால்வாசிதான் அது. அச்சை அதன் மேல் வைத்தால் ஒருபோதும் முழுதாகப் படாது. ஆகவே பேடைக் கையில் எடுத்து, கவிழ்த்து, மல்லாந்து கிடக்கும் அச்சின் மேல் தட்டுங்கள்.

தட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் மை கோட்டின் ஓரத்தில் ஒதுங்கிப் பள்ளத்துக்குள் விழும்.

இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரை வாருங்கள். ஒவ்வொரு தட்டும் முந்தைய தட்டில் பாதியை மூட வேண்டும். அடுத்தது மேலிருந்து கீழ். கடைசியில் நான்கு மூலைக்கும் தனியாக ஒரு தட்டு. மூலைகளைத்தான் நாம் எப்போதும் மறக்கிறோம்.

இப்போது பலகையை லேசாகச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மை பட்ட இடம் மின்னும். படாத இடம் மங்கலாக இருக்கும். மங்கலான இடத்தில் மட்டும் மறுபடி தட்டுங்கள். இந்த ஒரு பார்வைக்கு இரண்டு நொடிதான் ஆகும். அந்த இரண்டு நொடியை விட்டதுதான் எங்களுக்கு 150 பை.

பேடை நாமே செய்யலாம். ஒரு தட்டையான பிளாஸ்டிக் மூடியில் சமமான ஸ்பாஞ்சை வைத்து, மேலே பழைய கம்பளித் துண்டு ஒன்று, அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்று இழுத்துக் கட்டுங்கள். மையை நடுவில் ஊற்றாமல் பரவலாகச் சொட்டி, கரண்டி முதுகால் தடவி, பத்து நிமிடம் ஊற விடுங்கள். விரலால் தொட்டால் விரல் நனைய வேண்டும், சொட்டக் கூடாது.

மை ஏற்றும் முறை இரண்டு: ரோலரால் உருட்டுதல்

நூற்றுக்கு மேல் அச்சிட வேண்டுமானால் ரோலர் வேகமானது. பெயிண்ட் அடிக்கிற ஸ்பாஞ்ச் ரோலர் மையைக் குடித்துக் குடித்துக் குமிழாக விடும். ரப்பர் ரோலர்தான் சரி.

கண்ணாடியின் மேல் கொஞ்சம் மை வைத்து ரோலரால் முன்னும் பின்னும், குறுக்கும் நெடுக்கும் உருட்டுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'சளக் சளக்' என்று சத்தம் வந்தால் மை அதிகம். பட்டுப்புடவை உரசுவது போல மெல்லிய சரசரப்பு வந்தால் பதம் சரி.

தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும்போது நாம் என்ன செய்கிறோம்? வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் தொட்டு, கல் முழுவதும் மெல்லிசாகத் தேய்க்கிறோம். எண்ணெயை ஊற்றினால் மாவு கல்லில் நிற்காமல் வழுக்கும். மையும் அப்படியே. கனமாக ஒரு தடவை ஏற்றுவதை விட மெல்லிசாக மூன்று தடவை ஏற்றுவது நல்லது.

ரோலரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 4 செ.மீ விட்டம் உள்ள ரோலர் ஒரு சுற்றுக்குப் போகிற தூரம் ஏறக்குறைய 12.5 செ.மீ. நம் அச்சு 20 செ.மீ. ஒரே தள்ளாகத் தள்ளினால் முதல் 12.5 செ.மீ.க்கு நல்ல மை விழும். இரண்டாவது சுற்றில் ரோலரில் மை குறைந்து போயிருக்கும், அதனால் மீதி 7.5 செ.மீ இளைத்துத் தெரியும். நடுவில் ஒரு கோடு கிழித்தது போல இருக்கும். அச்சு கோணல் என்று நாங்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போக இருந்தோம். உண்மையில் அது ரோலரின் சுற்று.

இதைத் தவிர்க்க: முதல் தடவை இடமிருந்து தொடங்குங்கள். ரோலரைத் தூக்கிக் கண்ணாடியில் மறுபடி மை எடுத்து, இரண்டாவது தடவை வலமிருந்து தொடங்குங்கள். மூன்றாவது தடவை மேலிருந்து கீழ். ரோலரின் கனமே போதும், அழுத்த வேண்டாம். அழுத்தினால் பள்ளத்திலும் மை இறங்கும். ஒவ்வொரு தாளுக்கும் அதே மூன்று தடவை. ஒரு தாளுக்கு மூன்று, அடுத்த தாளுக்கு ஐந்து என்று மாற்றினால் நிறம் மாறும்.

காகிதம் வைத்துத் தேய்த்தல்

பையை ஒட்டிய பிறகு அச்சிடாதீர்கள். மடிப்பும் ஒட்டும் மேடு தட்டும். விரித்த தாளில் அச்சிட்டு, காய்ந்த பிறகு மடித்து ஒட்டுங்கள். பழுப்புக் காகிதத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம் வழவழப்பாக, மறுபக்கம் சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான பக்கத்தில் அச்சிட்டால் குறைந்த மையில் நிறைந்த உருவம் வரும்.

ஒருவர் மைக்கை, இன்னொருவர் சுத்தக்கை. மைக்கைக்காரர் காகிதத்தைத் தொடவே கூடாது. இந்த ஒரு விதியால் விரல் கறை பட்ட தாள் எங்களுக்குப் பாதிக்கும் கீழே குறைந்தது.

மேசையில் அச்சுப் பலகை அசையாமல் டேப் ஒட்டுங்கள். அதன் ஒரு மூலையில் தடித்த அட்டையை 'ட' எழுத்துப் போல வெட்டி ஒட்டி வையுங்கள். தாளின் மூலையை அதில் பொருத்தி, ஒரு ஓரத்தை முதலில் இறக்கி, மறு ஓரத்தை மெல்ல விடுங்கள். படுத்த காகிதத்தை நகர்த்தக் கூடாது. நகர்ந்தால் இரட்டை உருவம்தான்.

அதன் மேல் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை வையுங்கள். இடது கையால் ஒரு பக்கத்தைப் பிடித்துக் கொண்டு வலது உள்ளங்கையால் நடுவில் இருந்து வெளியே தேய்த்து வாருங்கள். பிறகு குழிக்கரண்டியின் முதுகால் ஓரங்களிலும் மூலைகளிலும் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். முழுவதையும் எடுக்கும் முன் ஒரு மூலையை மட்டும் தூக்கி எட்டிப் பாருங்கள். வெளுத்திருந்தால் அப்படியே கீழே விட்டு அந்த இடத்தை இன்னொரு முறை தேய்க்கலாம். அச்சைக் குத்துகிற முறையில் இந்த வசதி கிடையாது.

கையால் செய்த காகிதம் என்றால் சொரசொரப்பு அதிகம். மை கொஞ்சம் கூடுதலாகவும், தேய்ப்பு இரண்டு மடங்காகவும் தேவைப்படும்.

தப்பும் திருத்தமும்

ஒரே இடம் எல்லாத் தாளிலும் வெளுக்கிறதா? அந்த இடத்தில் ரப்பர் பள்ளமாக இருக்கிறது. பலகைக்கு அடியில் அந்த இடத்துக்கு நேராக மெல்லிய காகிதத் துண்டை ஒட்டினால் சில சமயம் சரியாகும். பலகை தடிமனாக இருந்தால் ரப்பரைப் பிரித்து, ரப்பருக்கும் பலகைக்கும் நடுவில் ஒட்டுங்கள்.

கோடுகளுக்கு நடுவில் மை அடைக்கிறதா? மை அதிகம். அச்சை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, மெல்லிசாகத் தொடங்குங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது மைக்கும் பொருந்தும்.

மை மணி மணியாக நிற்கிறதா? அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு யாராவது தொட்டிருப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பத்துப் பதினைந்து தாளுக்குப் பிறகு உருவம் மங்குகிறதா? காகிதத் தூசும் காய்ந்த மையும் சேர்ந்திருக்கும். இடையில் ஒரு முறை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

தாளின் பின்பக்கம் கறை படுகிறதா? காயும் முன்னே அடுக்கியிருக்கிறீர்கள். கொடியில் கிளிப் போட்டுத் தொங்க விடுங்கள். நிறமி மை அச்சுக்கு ஒரு நாள் முழுவதும் காயக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆகும். மழைக்கால ஆர்டருக்குத் தேதி சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை

பலகாரம் வைக்கிற பையானால் மை பட்ட பக்கம் பலகாரத்தில் படக் கூடாது. உணவுப் பொட்டலம் பற்றிய 2018ஆம் ஆண்டு விதிகளின்படி செய்தித்தாளில் உணவை மடிப்பதே தவறு. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதுதான் காரணம். நம் அச்சு வெளிப்பக்கம் மட்டும் இருக்கட்டும். உள்ளே பொட்டலம் போட்ட பலகாரத்தை வைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும்

மை காயும் முன்னே அச்சைக் கழுவிவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் போகும்போது கூட ஈரத்துணியைப் போர்த்திவிட்டுப் போங்கள். தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். பலகை ஊறும்படி தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள், ஒட்டு விட்டுப் போகும். நிழலில் உலர்த்துங்கள். வெயில் பட்டால் ரப்பர் இறுகி வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பழக்கமும் வேண்டாம். உருவம் மேலே பார்க்கும்படி, மேலே எந்தப் பாரமும் ஏற்றாமல் வையுங்கள்.

கணக்கு எழுதுங்கள்

ஒவ்வொரு ஆர்டருக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை தாள் எடுத்தோம், எத்தனை நல்லதாக வந்தது, எத்தனை கிராம் மை செலவானது, எத்தனை மணி நேரம் ஆனது. நாங்கள் 100 பை ஆர்டருக்கு 110 தாள் வெட்டுகிறோம். பழக்கும் தாளும் கழிவும் அந்தப் பத்தில் அடங்க வேண்டும். பத்தைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, தப்பு எங்கே என்று பார்க்கிறோம். யார் செய்தது என்று கேட்பதில்லை. மையிலா, மேசையிலா, காகிதத்திலா, தேய்ப்பிலா என்று வரிசையாகப் பார்க்கிறோம். பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடுகிறது.

கடைசியாக

அடுத்த முகூர்த்தத்துக்கு அதே தெருவில் இன்னொரு வீட்டில் 250 பை கேட்டார்கள். இந்த முறை ஒன்று கூடத் திரும்பவில்லை. அச்சு வேலையை முன்நின்று நடத்தியது அந்த இளைய சகோதரிதான். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதும் அவரே.

ஆனால் தீர்மானப் புத்தகத்தில் நான் எழுதியது அப்படியே இருந்தது. புத்தகத்தில் எழுதியதைக் கிழிக்கக் கூடாது, அடித்து அழிக்கவும் கூடாது என்று நமக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆகவே அதற்கு அடுத்து வந்த கூட்டத்தின் பக்கத்தில் இப்படி எழுதினேன்: 'முன் கூட்டத்தில் உறுப்பினரின் கை பலம் பற்றி எழுதியது தவறு. தவறு செய்முறையில் இருந்தது. ஊக்குநர் வருத்தம் தெரிவித்தார்.' எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அந்தச் சகோதரி கடைசியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பரவாயில்லக்கா, அடுத்த ஆர்டருக்குக் காகிதம் வெட்டணும், வாங்க" என்றார்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் சமீபத்தில் கெட்டுப்போன வேலை எது? அதற்கு ஆளைக் குறை சொன்னோமா, முறையைத் தேடினோமா?
2. பெரிய அச்சில் ஓரம் வெளுப்பதற்கு மூன்று காரணம் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் என்ன?
3. 30 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம் உள்ள அச்சின் பரப்பு, 10 சதுர செ.மீ சீலைப் போல எத்தனை மடங்கு? குத்துவதற்கு எவ்வளவு எடை தேவைப்படும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். (விடை: 60 மடங்கு, 60 கிலோ)
4. செய்து பாருங்கள்: காசின் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேயுங்கள். வீட்டில் பிள்ளைகளையும் கூட வைத்துக் கொள்ளுங்கள். நமக்குத் தெரியாததை அவர்கள் காட்டிவிடுவார்கள்!